அஞ்சலாட்சியின் கைநாட்டு

கமலவேணி அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து சேர்ந்தது 1979 நவம்பர் ஐந்தாம் தேதி, திங்கட்கிழமை. ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பெரிய வாய்க்கால் நிரம்பி, கறுப்புத் தண்ணீர் தெருமுனை வரை ஏறி வந்திருந்தது. ஒரு கையில் புடவைக் கொசுவத்தையும் மறுகையில் குடையையும் பிடித்துக்கொண்டு அவள் வாசற்படி ஏறியபோது பழைய காகித வாசனைதான் முதலில் எதிர்கொண்டது. அதற்கடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. ஈர மஞ்சளும் சாம்பிராணியும் கலந்த வாசனை. குளிப்பாட்டி முடித்த பிணத்தைக் கிடத்தியிருக்கும் வீட்டில் அப்படித்தான் வரும். வந்த முதல் நாளே இப்படி ஒரு நினைப்பா என்று தன்னையே கடிந்துகொண்டு உள்ளே போனாள்.

அது வட்டார வரலாற்று ஆவணக் காப்பகம். வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருவில், மாடியும் நடுமுற்றமும் உள்ள ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து நடத்திவந்தார்கள். காப்பாளர் ஜானகிராமன், ஓய்வுபெற இரண்டு வருடமே பாக்கியிருந்த மனிதர். கடைநிலை ஊழியர் பக்கிரி. இப்போது கமலவேணி. மூன்றே பேர்.

அவள் அப்பா மில் தொழிலாளி. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்ததால் பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. புருஷன் செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது; பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். வேலை ஆறு மாதத்துக்குத்தான். ஜானகிராமன் முதல் மாதமே மேலிடத்துக்கு நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் நிரந்தரமாகும்.

மாடியில் கிழக்குப் பார்த்த அறையில் பதினாலு டிரங்குப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் நொத்தேர் ராஜாங்கத்தின் சொந்தக் காகிதங்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஊரில் பத்திரம் எழுதிப் பதிவு செய்கிறவரை நொத்தேர் என்பார்கள். ராஜாங்கம் நாற்பது வருடம் அந்த வேலை பார்த்துவிட்டு, எண்பத்தெட்டு வயதில் செத்துப்போனவர். அவர் மகள் செல்வாம்பாள்தான் பெட்டிகளைக் காப்பகத்துக்குக் கொடுத்திருந்தாள். காப்பகம் இருந்த வீடும் அவளுடையதுதான்.

கமலவேணியின் வேலை எளிமையானது. ஒவ்வொரு காகிதமாக எடுத்துத் தூசி தட்ட வேண்டும். தேதிவாரியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைச் சீட்டில் எண், தேதி, யார் எழுதியது, என்ன விஷயம் என்று விவரம் எழுதி மேலே வைக்க வேண்டும். முதல் வாரம் கல்யாணப் பத்திரிகைகளும் கடிதங்களுமாகப் போயிற்று. ராஜாங்கம் எதையும் தூக்கி எறியாத மனுஷர். மருந்துச் சீட்டைக்கூட நாலாக மடித்து வைத்திருந்தார்.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. தினமும் காலை பதினோரு மணி வாக்கில் அறையில் எங்கோ ஒரு சத்தம் வரும். காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற மாதிரி, ஒரே ஒரு முறை. பெட்டி மூடிகளைத் திறந்து பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். எலியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். பக்கிரியிடம் சொன்னபோது, இந்த வீட்டில் எலி கிடையாது என்றார். பூனைகூட உள்ளே வராதாம்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, ஒன்பதாவது பெட்டியில் அந்தப் பத்திரம் கிடைத்தது. அஞ்சலாட்சி என்ற விதவை, தன் புருஷன் சைகோனில் வேலை பார்த்துக் கட்டிய மாடி வீட்டை நொத்தேருடைய மைத்துனன், செல்வாம்பாளின் தாய்மாமன், பேருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். தேதி 1931 நவம்பர் 16. அடியில் ஒரு கைநாட்டு, இடது கைப் பெருவிரல். வீட்டின் நான்கு எல்லைகளும் எழுதியிருந்தன. கிழக்கே இன்ன தெரு, வடக்கே இன்னார் மனை. வாசித்துக்கொண்டே வந்தவள் தலைநிமிர்ந்து அறையை ஒருமுறை பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்தது அந்த வீட்டில்தான்.

சீட்டு எழுதி, 'தேதி: 16.11.1931' என்று போட்டுப் பத்திரத்தின்மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது சீட்டில் தேதி தெரியவில்லை. சரியாக அதன்மேல் ஒரு பெருவிரல் ரேகை, கருநீல மையில்.

பக்கிரி அண்ணன் கைபட்டிருக்கும் என்று நினைத்தாள். கேட்டதும் அவர் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். மில்லில் இருந்த காலத்தில் இயந்திரத்தில் மாட்டி, அவருடைய இடது பெருவிரல் பாதியில் போயிருந்தது. வலது பெருவிரலில் சுண்ணாம்பைத் தவிர ஒன்றுமில்லை.

சீட்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள். மறுநாள் காலையில் அதிலும் ரேகை. மறுபடி எழுதினாள். இந்த முறை கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். புதன்கிழமை வந்து பூட்டைத் திறந்தாள். மற்ற முந்நூறு சீட்டுகளும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அந்த ஒரு சீட்டில் மட்டும், அந்தத் தேதியின்மேல்.

பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சீட்டோடு சேர்த்துப் பிடித்தாள். நடுவில் சுழி, அதைக் குறுக்கே வெட்டிய ஒரு தழும்பு. இரண்டும் ஒரே விரல்.

அவள் ஓடிவிடவில்லை. வேலையில் பழகிய மூளை வேறொன்றைப் பிடித்துக்கொண்டது. இத்தனை காகிதங்களில் இந்த ஒரு தேதியை மட்டும் யாரோ அழிக்கிறார்கள். அப்படியென்றால் தேதி தப்பு.

பெட்டிகளில் ராஜாங்கத்தின் நாட்குறிப்புகள் இருந்தன. வருடத்துக்கு ஒன்று, பிரெஞ்சில், பொடி எழுத்தில். வியாழக்கிழமை 1931-ஐ எடுத்துப் புரட்டினாள். நவம்பர் 16 அன்று அவர் ஊரிலேயே இல்லை. காரைக்காலில் ஒரு பாகப்பிரிவினைக்குப் போய்விட்டு இரவுதான் திரும்பியிருந்தார். 17-ஆம் தேதிக் குறிப்பு இப்படி இருந்தது:

'காலை பதினோரு மணிக்கு அஞ்சலாட்சி வீட்டுக்குப் போனேன். விடியற்காலையே முடிந்துவிட்டதாம். குளிப்பாட்டி மஞ்சள் பூசியிருந்தார்கள். கடைசியாகப் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று சொல்லிப் பெண்களை வெளியே அனுப்பினேன். விரல்கள் மடங்கி இறுகிவிட்டிருந்தன. பெருவிரலைப் பிரிக்க மூன்று முறை முயன்றேன். மூன்றாவது முறை ஒடிந்த சத்தம் கேட்டது. ஈரத்தில் மை ஒட்டவில்லை, துடைத்துவிட்டு வைத்தேன். மூலையில் பாயில் அவளுடைய ஆறு வயதுப் பெண்குழந்தை விழித்துக்கொண்டிருந்தது. அம்மா தூங்குகிறாள், சத்தம் போடாதே என்றேன். போடவில்லை. பத்திரத்தில் நேற்றைய தேதி இட்டேன்.'

அதற்கடுத்த வரி, அன்று சாயங்காலம் சாப்பிட்ட மீனைப் பற்றியது.

கமலவேணி நாட்குறிப்பை மூடினாள். மணி என்ன என்று பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பின்னால், அந்த மூலையில், சுள்ளி ஒடிந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜானகிராமனிடம் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் நாட்குறிப்பை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரேகை விழுந்த சீட்டுகளை அவர் பார்க்கவே இல்லை. பார்க்க விரும்பவில்லை என்று அவளுக்குப் பட்டது. செல்வாம்பாளுக்கு இது தெரிந்தால் மறுநாளே காப்பகம் தெருவுக்கு வந்துவிடும் என்றார். இருபது வருடம் சேர்த்த ஆவணங்களை இந்த மழையில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. குரல் நடுங்கத்தான் பேசினார்.

"நாட்குறிப்புக்குச் சீட்டு எழுதுங்க. செல்லரிச்சுப் போச்சு, படிக்க முடியலன்னு போட்டுடுங்க. பத்திரத்துக்கு அதுல இருக்கிற தேதியே போதும்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "உங்க வேலை விஷயமாவும் நான் இந்த மாசமே எழுதணும்" என்றார்.

அவள் மாடிக்குப் போனாள். மழை இருட்டில் அறை மங்கிக் கிடந்தது, மின்சாரம் போய்விட்டிருந்தது. ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. பேனாவைத் திறந்து, '1931 நாட்குறிப்பு. சிதைந்தது. படிக்க இயலாதது' என்று எழுதினாள். இன்னொரு சீட்டை எடுத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பத்திரத்தின் தேதியை எழுதினாள். ஒன்று. ஆறு.

ஈர மஞ்சள் வாசனை கனத்துக்கொண்டே வந்தது.

முதலில் குளிர்ச்சிதான் தெரிந்தது. சீட்டை அழுத்தியிருந்த இடது மணிக்கட்டின்மேல் யாரோ நனைந்த துணியைப் போட்டதுபோல. அவள் கையை இழுத்தாள். வரவில்லை.

மேஜையின்மேல் அவள் கையைத் தவிர எதுவும் இல்லை.

ஆனால் நாலு விரல்கள் மணிக்கட்டைச் சுற்றி மடங்குவதை அவள் உணர்ந்தாள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். ஐந்தாவது விரல் மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை. அது துவண்டு, அவள் தோலின்மேல் அங்கும் இங்கும் ஆடியது.

அலற வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. தன் பெருவிரல் தானாகப் பின்னுக்கு வளைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு முறை.

இரண்டாவது முறை.

மூன்றாவது முறை அறையின் மூலையில் கேட்டுவந்த அந்தச் சத்தம் அவள் கைக்குள்ளேயே கேட்டது.

பக்கிரி வந்து பார்த்தபோது அவள் தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். விரல் வீங்கி நீலமாகியிருந்தது. அவர் தன் துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டு, ரிக்‌ஷாவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். போகும்போதுதான் சொன்னார். வருடா வருடம் நவம்பர் பதினேழாம் தேதி கனகசெட்டிக்குளத்திலிருந்து ஒரு அம்மா வருகிறாளாம். மீன் விற்கிறவள். எதிர்ச்சாரியில் நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுப் போய்விடுவாளாம். ஒருநாளும் உள்ளே வந்ததில்லையாம்.

மறுநாள்தான் பதினேழு.

சனிக்கிழமை கமலவேணி விடுப்புப் போடவில்லை. கையில் மாவுக்கட்டோடு வந்து, முதல் வேலையாக முந்தின நாள் எழுதிய இரண்டு சீட்டுகளையும் கிழித்தாள். புதிதாக எழுதினாள். பத்திரத்துக்கு: 'இடப்பட்ட தேதி 16.11.1931. உண்மைத் தேதி 17.11.1931, காலை பதினோரு மணி. கைநாட்டு, அஞ்சலாட்சி இறந்த பிறகு எடுக்கப்பட்டது. ஆதாரம்: நொத்தேரின் நாட்குறிப்பு, அதே நாள்.' நாட்குறிப்புக்கு: 'நல்ல நிலையில் உள்ளது. முழுவதும் படிக்கலாம்.' இரண்டையும் பேரேட்டில் எண்ணோடு ஏற்றினாள். பேரேட்டில் ஏறியதை அடிக்கக் காப்பாளருக்கும் அதிகாரம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், ஜானகிராமனுக்கும் தெரியும்.

பத்து மணிக்கு மேல் எதிர்ச்சாரியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு பெண் நின்றாள். ஐம்பத்து நாலு, ஐம்பத்தைந்து வயதிருக்கும். கமலவேணி மழையில் இறங்கிப்போய் அவளைக் கூப்பிட்டாள். பேர் கேட்டாள். குஞ்சம்மாள் என்றாள் அவள். உள்ளே வர முதலில் மறுத்தாள். அம்மாவுடைய காகிதம் ஒன்று இருக்கிறது என்று சொன்னதும் கால் கழுவிக்கொண்டு வந்தாள்.

மாடி அறை வாசலில் நின்று அவள் நேராக அந்த மூலையைத்தான் பார்த்தாள். யாரும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

கமலவேணி நாட்குறிப்பைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தாள். குஞ்சம்மாள் அசையவே இல்லை. முழுதும் முடிந்த பிறகு, மூலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தெரியும்மா. நான் முழிச்சிட்டுத்தான் இருந்தேன். சத்தம் போடாதன்னார். போடல. நாப்பத்தெட்டு வருசமாச்சு. எங்கூட்டுக்காரர் கிட்டகூடச் சொல்லல. என்னான்னு சொல்றது."

அந்தக் கைநாட்டைக் காட்டச் சொன்னாள். அம்மாவின் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லையாம். கமலவேணி பத்திரத்தை விரித்து வைத்தாள். குஞ்சம்மாள் மீன் செதில் ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்தாள். பிறகு தன் பெருவிரலை மெதுவாக அந்த ரேகையின்மேல் வைத்தாள். குழந்தையின் கன்னத்தைத் தொடுகிறமாதிரி.

எடுத்தபோது அவள் விரலில் மை ஒட்டியிருந்தது.

நாற்பத்தெட்டு வருடத்து மை. பத்திரத்தில் ரேகை ஈரமாகப் பளபளத்தது.

குஞ்சம்மாள் அதைத் துடைக்கவில்லை. விரலை உள்ளங்கைக்குள் மூடி, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்று பதினோரு மணிக்கு அறையில் எந்தச் சத்தமும் வரவில்லை.

அதோடு நியாயம் கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. கமலவேணி பத்திரத்துக்கும் நாட்குறிப்புக்கும் நகல் எடுத்துக் கொடுத்தாள். குஞ்சம்மாள் ஒரு வக்கீலைப் பார்த்தாள். காலம் கடந்துவிட்டது, வழக்கு நிற்காது என்று அவர் ஐந்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ஜானகிராமன் பேரேட்டைப் பார்த்தார், கமலவேணியின் மாவுக்கட்டையும் பார்த்தார். அந்த மாதம் அவளைப் பற்றி எழுதவில்லை. விஷயம் காதுக்கு எட்டியதும் செல்வாம்பாள் காரில் வந்து இறங்கி, நாட்குறிப்பைத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யுங்கள் என்று நின்றாள். ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்தது. அன்றே வீட்டுக் கொல்லையில் கொளுத்திவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். காப்பகத்தில் அதன் சீட்டு மட்டும் மிஞ்சியது. கமலவேணியின் வேலையை ஆறாறு மாதமாக நீட்டித்தார்கள்; நிரந்தரமாக மேலும் மூன்று வருடம் பிடித்தது. அவளுடைய இடது பெருவிரல் கோணலாகவே ஒட்டிக்கொண்டது.

1983-இல் காப்பகம் வேறு கட்டிடத்துக்கு மாறியது. அந்த வீட்டைப் பூட்டி விற்பனைக்குப் போட்டாள் செல்வாம்பாள்.

மறுவருடம் ஆடி மாதத்தில், ஒரு திங்கட்கிழமை, குஞ்சம்மாள் இறந்துபோனாள். மாரடைப்பு. செய்தி வந்ததும் கமலவேணியும் பக்கிரியும் காலாப்பட்டு வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து கனகசெட்டிக்குளம் போனார்கள். கடற்கரை மணலில் பாடையைத் தூக்கிப் போகிறவரை இருந்துவிட்டு வந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை காப்பகத்துக்கு ஒருவர் வந்தார். பேர் சாமிக்கண்ணு, மரம் விற்கிற மரவாடி வைத்திருப்பவர். அந்த வீட்டை வாங்கப் பேசி முடித்திருந்தார். பழைய பத்திரம் தெரிந்த அம்மா இங்கே இருக்கிறார் என்று யாரோ சொன்னார்களாம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பையிலிருந்து மூன்று முத்திரைத்தாள் பத்திரங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மூணும் வேற வேற ஆளு எழுதினதும்மா" என்றார் தணிந்த குரலில். "யாரும் இன்னும் கையெழுத்துப் போடல. பெட்டியில வச்சுப் பூட்டிட்டு எடுத்தா இப்படி இருக்குது."

கமலவேணி முதல் பத்திரத்தைப் பிரித்தாள். விற்பவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் கருநீலத்தில் ஒரு பெருவிரல் ரேகை. நடுவில் சுழி, குறுக்கே தழும்பு. இரண்டாவதிலும் அதேதான். அவளுக்குப் பயம் வரவில்லை. இதை எதிர்பார்த்தே இருந்தவள்போல் தலையசைத்துக்கொண்டாள்.

மூன்றாவது எப்போது எழுதியது என்று கேட்டாள். முந்தாநாள் எழுதி வாங்கி, இன்று காலைதான் பெட்டியைத் திறந்ததாகச் சொன்னார் அவர்.

அவள் அதைப் பிரித்தாள். அதே இடம், அதே ரேகை.

அதை ஒட்டி, அதன் பக்கவாட்டில் சாய்ந்தபடி, இன்னொன்று இருந்தது.

ஆறு வயதுக் குழந்தையின் பெருவிரல் அளவுதான் இருக்கும்.